ஜனவரியில்தான் போனேன், அதனால் என்ன?

நேற்று, வேல்ஸில் உள்ள பாண்டிபிரித் என்ற ஊரில் நான் எடுத்துப் போட்ட படங்களுக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். "இந்த மொட்டை மரங்களைப் பார்க்கவா கார்டிஃபிலிருந்து ரயில் ஏறினீங்க?" என்று அண்ணன் ஒருவர் ஆரம்பித்து வைத்தார். அப்புறம் வரிசையாகச் சிரிப்பு ஸ்மைலிகள்.

ஆமாம், மொட்டை மரங்களைப் பார்க்கத்தான் போனேன். ஜனவரியில் வேறென்ன இருக்கும்?

அது இனிசங்காரட் பூங்கா. முதல் உலகப் போரில் மாண்ட ஊர்க்காரர்களின் நினைவாக, மக்கள் சந்தா போட்டு வாங்கிய நிலம். 1923இல் திறந்தார்கள். பூ இல்லை என்பதற்காக மூடிவிட முடியுமா? உள்ளே ஈவன் ஜேம்ஸ், ஜேம்ஸ் ஜேம்ஸ் என்ற அப்பா, மகன் நினைவுச்சின்னம் இருக்கிறது. 1856இல் வேல்ஸின் நாட்டுப்பண்ணை உருவாக்கியவர்கள். ரக்பி மேட்சுக்கு முன்னால் மொத்த ஸ்டேடியமும் பாடுமே, அது. அந்தச் சின்னத்தில் சிற்பி கோஸ்கோம் ஜான் வடித்த வெண்கல உருவங்களின் மடிப்புகளில் மழைத்தண்ணீர் தேங்கி, ஓரமெல்லாம் உறைந்திருந்தது. மே மாதம் போனால் அது கிடைக்குமா?

இலை உதிர்ந்ததால்தான் டாஃப் ஆறு எவ்வளவு ஒட்டி ஓடுகிறது என்றே தெரிந்தது. 2020 பிப்ரவரியில் டெனிஸ் புயலின்போது அந்த ஆறு கரை தாண்டிப் பூங்காவுக்குள் புகுந்தது. பூங்காவுக்குள்ளேயே 1927இல் கட்டி, 1991இல் மூடி, 2015இல் மீட்டுத் திறந்த நீச்சல்குளத்தையும் விடவில்லை.

"வெள்ளைக்காரனுக்கு வக்காலத்தா?" என்று ஒருவர். நிலக்கரிச் சுரங்கத்தில் இருமி இருமிச் செத்தவர்களின் ஊர் ஐயா அது. அவர்களுக்கு வக்காலத்து வாங்கினால் வாங்கிவிட்டுப் போகிறேன். "காசுக்குத் தண்டம்" என்று இன்னொருவர். பூங்காவுக்கு டிக்கெட்டே கிடையாது, ரயில் காசு என்னுடையது. குளிர் என்றால் மட்டும் ஒத்துக்கொள்கிறேன். ஸ்வெட்டர் எதற்கு இருக்கிறது?

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒரு தாத்தா. அவருடைய அப்பா சுரங்கத் தொழிலாளி. சிறுவயதில் அந்தக் குளத்தில் பல் கிட்டிக்க நீந்திய கதையைச் சொல்லிவிட்டு, "இன்னும் போகலையா?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். படங்களை அவருக்காகத்தான் எடுத்தேன். நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்காமல் போய் எடுத்தவை. போனை மூக்கருகே வைத்து, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, குளத்தின் ஒவ்வொரு சுவராகப் பார்த்தார். மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நம்மவர்கள் கேட்பதெல்லாம் லண்டன். பக்கிங்ஹாம் பார்த்தியா, டவர் பிரிட்ஜ் பார்த்தியா, அங்கே போகக்கூடவா காசில்லை? நான் குடியிருக்கும் நாடு எப்படி இருக்கிறது என்று என் சொந்த அக்காகூட இதுவரை கேட்டதில்லை. கேட்காவிட்டால் பரவாயில்லை, சிரிக்காமலாவது இருக்கலாம்.

அடுத்த லீவுக்கு வேல்ஸிலேயே இன்னொன்று, அபர்டேர் பூங்கா. 1869இல் திறந்தது. அந்தப் படங்களுக்கு கமெண்ட் பாக்ஸைப் பூட்டிவிடலாமா என்று யோசிக்கிறேன்.