எல்.ஆர். போட்டாச்சு, சரக்கு போய்ச் சேர்ந்ததா?

2017 ஆகஸ்ட் 31, வியாழக்கிழமை, சாயந்தரம் ஏழு மணி. திருவொற்றியூரில் அப்போது நான் குடியிருந்த வீட்டு மொட்டை மாடியில் பத்துப் பதினைந்து பேர் வடக்கே பார்த்து நின்றுகொண்டிருந்தோம். ஆரஞ்சு நிறத்தில் ஒரு வெளிச்சம் எழும்பி, கிழக்கே சாய்ந்து, புள்ளியாகி மறைந்தது. எல்லோரும் கைதட்டினோம். பக்கத்து வீட்டுப் பையன் விசில் அடித்தான்.

கீழே இறங்கி வந்து டிவியைப் போட்டால் விஞ்ஞானிகள் முகமே சரியில்லை. போனது இஸ்ரோவின் பிஎஸ்எல்வி ராக்கெட், பயண எண் சி39. அதன் வெப்பக் கவசம் கழலவில்லை. கிளம்பி மூன்று நிமிடம் தாண்டியதும் இரண்டாகப் பிளந்து விழ வேண்டிய மூடி அது. ஒரு டன்னுக்கு மேல் எடை. அதையும் சுமந்துகொண்டு போனதால் ராக்கெட்டுக்கு வேண்டிய வேகம் கிடைக்கவில்லை. உள்ளே இருந்த ஐஆர்என்எஸ்எஸ்-1எச் என்ற வழிகாட்டிச் செயற்கைக்கோள் ராக்கெட்டிலிருந்து கழன்றது என்னவோ உண்மைதான், ஆனால் மூடிய பெட்டிக்குள்ளேயே கிடந்தது. நாங்கள் கைதட்டி முடிப்பதற்குள் காரியம் கெட்டுப்போயிருக்கிறது.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. அதைச் சொல்ல என் பிழைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மாதவரத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். வண்டி கிளம்பும்போது லாரி ரசீது போடுவோம், எங்கள் பாஷையில் எல்.ஆர். வண்டி கேட்டைத் தாண்டிவிட்டது என்பதற்காக யாரும் பணம் தரமாட்டார்கள். சரக்கை இறக்கிய இடத்தில் சீல் குத்தி, கையெழுத்துப் போட்டு, அந்தக் காப்பி திரும்பி வர வேண்டும். அப்புறம்தான் பில். இருபது வருடமாக இந்த வேலை பார்த்து எனக்கு ஒரு வியாதி வந்துவிட்டது. எது கிளம்பினாலும் "போய்ச் சேர்ந்ததா?" என்று கேட்கத் தோன்றும்.

ராக்கெட் விஷயத்தில் நாம் எல்.ஆரைப் பார்த்ததுமே பட்டாசு வெடிக்கிறோம் என்பது என் கருத்து. திட்ட வருகிறவர்கள் முழுக்கப் படித்துவிட்டு வாருங்கள்.

முதலில் வண்டியைப் பாராட்டிவிடுகிறேன். 2010 ஜூலை 12-இல் சி15 போனதிலிருந்து 2019 டிசம்பர் 11-இல் சி48 போனது வரை, அந்தப் பத்து வருடத்தில் 34 பிஎஸ்எல்வி கிளம்பியிருக்கின்றன. தோற்றது நான் மேலே சொன்ன அந்த ஒன்றே ஒன்று. (2025 மே மாதம் சி61 தோற்ற கதை வேறு, அதை இங்கே இழுக்கவில்லை.) எண் வரிசையை நம்பி எண்ணினால் மட்டும் குழம்பிவிடுவீர்கள். சி21 போன பிறகுதான் சி20 போனது. சி25 செவ்வாய்க்குக் கிளம்பியபோது சி23, சி24 இரண்டும் தரையில்தான் இருந்தன. சி13 என்று ஒன்று கிடையவே கிடையாது, 12-க்கு அப்புறம் நேராக 14. எங்கள் ஆபீசில் எல்.ஆர். நம்பர் இப்படித் தாண்டினால் ஆடிட்டர் சும்மா விடமாட்டார்.

2010-ஐ நினைத்துப் பாருங்கள். பெரியவனாக வர வேண்டிய ஜிஎஸ்எல்வி ராக்கெட் அந்த ஒரே வருடத்தில் ஏப்ரலில் ஒரு தடவை, கிறிஸ்துமஸ் அன்று ஒரு தடவை என இரண்டு முறை விழுந்தது. அவன் சுமக்க வேண்டியதையும் சேர்த்து இவன் சுமந்தான். 2011 ஜூலையில் ஜிசாட்-12 என்ற தகவல் தொடர்புச் செயற்கைக்கோளையும் பிஎஸ்எல்வியில்தான் ஏற்றினார்கள். இந்த ராக்கெட்டைப் பத்திரிகைகள் 'பணிக்குதிரை' என்று எழுதும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். நம் பக்கத்தில் குதிரை எந்தக் காலத்தில் வயலில் வேலை செய்தது? ஜட்கா இழுத்தது, சாமி ஊர்வலத்தில் மரக்குதிரையாக வந்தது, கல்யாணத்தில் மாப்பிள்ளையைச் சுமந்தது, அவ்வளவுதான். உழவு மாடு என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஆப்பிள் செயற்கைக்கோளை மாட்டு வண்டியில் வைத்து இழுத்துப் போன நாடுதானே இது.

மாட்டுக்குச் சுற்று வழி வேறு. இரண்டு துருவங்களுக்கும் மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்குப் போக வேண்டுமென்றால் தெற்கே போக வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர்த் தெற்கே போனால் இலங்கை. எரிந்த பாகங்கள் அங்கே விழுந்தால் வம்பு. அதனால் தென்கிழக்கே கிளம்பி, தீவைத் தாண்டியபின் வளைந்து தெற்கே திரும்புகிறது. இந்த டைவர்ஷனில் வீணாகும் எரிபொருளுக்கு ஈடாகச் சரக்கின் எடையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். குலசேகரன்பட்டினத்தில் புது ஏவுதளம் கட்டுவதற்குக் காரணமே இதுதான். ஆனால் அது சின்ன ராக்கெட்டுகளுக்கு.

சரி, சரக்குக்கு வருகிறேன்.

அந்தப் பத்து வருடத்தில் என்ன நடந்தது என்று யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது 104. 2017 பிப்ரவரி 15, சி37. ஒரே ராக்கெட்டில் 104 செயற்கைக்கோள். உலக சாதனை என்று டீக்கடையில் எல்லாம் பேசினார்கள். நானும் பேசினேன். ஆனால் லோடு ஷீட்டைப் பிரித்துப் பாருங்கள். மொத்த எடை 1,378 கிலோ. அதில் பூமியைப் படமெடுக்கும் நம் கார்ட்டோசாட் மட்டும் 714 கிலோ. மீதி 103-இல் 88 உருப்படி அமெரிக்காவின் பிளானெட் நிறுவனத்துடையவை, ஒவ்வொன்றும் ஐந்து கிலோவுக்குள். இதை எங்கள் தொழிலில் பார்ட் லோடு என்போம். ஒரு பெரிய பெட்டி, மிச்ச இடத்தில் சின்னச் சின்ன பார்சல். மோசமான வியாபாரம் இல்லை, நல்ல வியாபாரம்தான். ஒன்றோடொன்று மோதாமல் அத்தனையையும் பிரித்துவிட்டதும் லேசான வேலை இல்லை. ஆனால் பார்சல் எண்ணிக்கையை வைத்து வண்டிக்கு மதிப்புப் போடுவது என்ன கணக்கு? 2021 ஜனவரியில் ஸ்பேஸ்எக்ஸ் ஒரே தடவையில் 143 ஏற்றியது. அன்றோடு நம் 104 பழைய செய்தி.

அதைவிடக் கஷ்டமான காரியம் ஒன்று 2016 செப்டம்பர் 26-இல் நடந்தது. சி35. எட்டுச் செயற்கைக்கோள்தான். முதலில் ஸ்கேட்சாட்-1-ஐ ஒரு பாதையில் இறக்கிவிட்டு, ராக்கெட்டின் கடைசிப் பகுதியான நாலாவது நிலையின் இயந்திரத்தை அணைத்து, திரும்பப் பற்றவைத்து, கீழே வேறொரு பாதைக்குப் போய் மற்ற ஏழையும் இறக்கியது. இரண்டே கால் மணி நேர வேலை. இரண்டு பாயின்ட் டெலிவரி என்று எங்கள் டிரைவரிடம் சொன்னாலே முணுமுணுப்பார். எடையில்லாத நிலையில் அணைத்த இயந்திரத்தை மறுபடி உயிர்ப்பிப்பது எப்படிப்பட்ட வேலை! 2015 டிசம்பரில் சி29-இல் சிங்கப்பூர்ச் செயற்கைக்கோள்களை இறக்கிய பிறகு அதை ஒத்திகை பார்த்திருந்தார்கள். சி35 போன அன்றைக்கு எங்கள் தெருவில் ஒருத்தரும் மாடி ஏறவில்லை.

அந்த ஸ்கேட்சாட் என்ன செய்தது? கடல்மேல் காற்று எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்று அளந்தது. அது மேலே போய் மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையை அடித்தது. எங்கள் தெருவில் நாலு மரம் சாய்ந்தது, ஒரு வாரம் கரண்ட் இல்லை. புயல் எங்கே கரை ஏறும் என்று வானிலைக்காரர்கள் முன்கூட்டிச் சொன்னதை நம்பித்தான் கடையை மூடி, லாரிகளை உள்ளே நிறுத்தினோம். அப்படிக் கணிப்பதற்கு இந்த மாதிரிக் கருவிகள்தான் கண். இது டெலிவரி. இதற்கு யார் விசில் அடித்தார்கள்?

மங்கள்யானைச் சொல்லாமல் விட்டால் கமெண்டில் அடிப்பீர்கள். 2013 நவம்பர் 5, சி25. எனக்குப் பிடித்த விஷயம் செவ்வாயில் இல்லை, கிளம்பிய விதத்தில் இருக்கிறது. இந்த வண்டிக்கு அவ்வளவு தூரம் போகும் தெம்பு கிடையாது. பூமியைச் சுற்றி, ஒரு பக்கம் 23,550 கிலோமீட்டர் வரை நீளும் பாதையில் இறக்கிவிட்டு ராக்கெட் தன் வேலையை முடித்துக்கொண்டது. அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எம்பி எம்பி, டிசம்பர் 1-ஆம் தேதி சரக்கே தானாக நடந்து கிளம்பியது. இன்னொன்று. நாலாவது நிலை எரிவதைத் தரையிலிருந்து பார்க்க முடியாது என்பதால் நாளந்தா, யமுனா என்ற இரண்டு கப்பல்களைத் தென் பசிபிக் கடலுக்கு அனுப்பினார்கள். கடல் கொந்தளிப்பில் கப்பல் போய்ச் சேரத் தாமதமாக, அக்டோபர் 28-இல் கிளம்ப வேண்டிய ராக்கெட் ஒரு வாரம் காத்திருந்தது. ஆறு மாதத்துக்கென்று செய்த கலம் ஏறத்தாழ எட்டு வருடம் உழைத்தது. கையெழுத்தும் சீலும் பளிச்சென்று விழுந்த காப்பி அது.

இப்போது வயிற்றெரிச்சல் கதை. 34-இல் ஒன்பது ராக்கெட்டுகள் ஒரே வேலைக்குப் போனவை. நம் சொந்த வழிகாட்டி அமைப்பான நாவிக், பழைய பெயர் ஐஆர்என்எஸ்எஸ். 2013 ஜூலையில் தொடங்கி 2016 ஏப்ரலுக்குள் ஏழு செயற்கைக்கோள், ஏழு வெற்றி, ஏழு தடவை கைதட்டல். வழிகாட்டிச் செயற்கைக்கோளுக்கு உயிர்நாடி அதன் அணுக் கடிகாரம். நொடியில் துளி பிசகினாலும் நீங்கள் நிற்கும் இடம் வேறு தெருவாகிவிடும். முதலில் போன 1ஏ-வில் மூன்று ரூபிடியம் கடிகாரங்கள் இருந்தன. வெளிநாட்டிலிருந்து வாங்கியவை. மூன்றும் நின்றுபோயின. மற்ற சிலவற்றிலும் பழுது வந்தது. 1ஏ-வுக்கு மாற்றாக அனுப்பியதுதான் நான் மாடியிலிருந்து பார்த்த 1எச். அதுவும் பெட்டிக்குள்ளேயே போயிற்று. 2018 ஏப்ரல் 12 விடியற்காலையில் 1ஐ போன பிறகுதான் அந்த ஓட்டை அடைபட்டது. உள்நாட்டில் செய்த ரூபிடியம் கடிகாரம் 2023-இல், ஜிஎஸ்எல்வியில் போன புது நாவிக் செயற்கைக்கோளான என்விஎஸ்-01-இல்தான் ஏறியது.

ஏழு கைதட்டலும் நினைவிருப்பவர்களில் எத்தனை பேருக்குக் கடிகாரம் நின்றது தெரியும்? 2025 ஜனவரி 29-இலும் இதே கதைதான். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நூறாவது ராக்கெட் என்று ஊரெல்லாம் கொண்டாட்டம். வண்டி ஒழுங்காகத்தான் போனது. உள்ளே இருந்த என்விஎஸ்-02 ஒரு வால்வு திறக்காததால் தன் பாதைக்கு ஏற முடியாமல் நின்றுவிட்டது. கொண்டாட்டம் முதல் பக்கத்தில், வால்வு உள்பக்கத்தில்.

விநோதமான டெலிவரியும் உண்டு. 2019 ஜனவரி 24, சி44. அதில் இரண்டே இரண்டு. ஒன்று மாணவர்கள் செய்த கலாம்சாட், ஒன்றேகால் கிலோ. சரக்கு இறக்கியபின் காலி வண்டியாகச் சுற்றும் நாலாவது நிலையிலேயே அதைப் பொருத்தி, காலி வண்டியையும் வேலை வாங்கினார்கள். சபாஷ் போட வேண்டிய சிக்கனம். இன்னொன்று மைக்ரோசாட்-ஆர். இரண்டே மாதத்தில், மார்ச் 27-இல், நம் ஏவுகணையே அதைச் சுட்டு நொறுக்கியது. குறிபார்த்துச் சுடும் சோதனைக்கான இலக்கு அது. ஒரே வண்டியில் பிள்ளைகளின் பெட்டியும் சுடுபலகையும். அந்தத் துண்டுகளில் சில மேலே தெறித்தது பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

நம் ஊர்ப் பிள்ளைகள் செய்தவையும் இந்தப் பட்டியலில் இருக்கின்றன. 2011-இல் எஸ்ஆர்எம்சாட், 2016-இல் சத்யபாமாசாட், 2017-இல் குமரி மாவட்டத்திலிருந்து நியூசாட். ஏவிய அன்று இவற்றைப் பற்றிப் படித்த அளவுக்கு, பிற்பாடு அவை அனுப்பிய அளவீடுகளைப் பற்றி நான் தமிழில் படித்ததில்லை. செய்த பிள்ளைகளே அதை எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

இஸ்ரோவிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒரே ஒரு பக்கம். ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் ஒரு வரி. எப்போது போனது, எத்தனை வருடத்துக்குப் போனது, இன்றைக்கு வேலை செய்கிறதா. ஆண்டறிக்கைகளில் துண்டு துண்டாகத் தேடிப் பிடிக்கிற மாதிரி இல்லாமல், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி. பழுதானால் பழுது என்றே எழுதலாம். வரிப்பணம் கட்டுகிறவர்கள் கோபப்படுவார்கள் என்று பயப்பட வேண்டாம். 1993-இல் இந்த வண்டி முதல் பயணத்திலேயே கடலில் விழுந்தபோதும் நாம் கையைவிடவில்லை.

போன வருடம் பழவேற்காட்டில் நின்று ஒரு ஏவுதலைப் பார்த்தேன். தளம் முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதால், வெளிச்சம் தெரிந்து ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் உறுமல் வந்து நெஞ்சில் இடித்தது. அதற்குள் பாதிப் பேர் பைக்கைக் கிளப்பிவிட்டார்கள்.

இஸ்ரோவின் அந்த ஒரு பக்கம் வரும் வரை நானே ஒரு நோட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். ஆபீஸ் லெட்ஜர் நோட்டுதான். தேதி, வண்டி எண், சரக்கு எல்லாம் பேனாவில். 'சேர்ந்ததா' என்ற கடைசிக் கட்டம் மட்டும் பென்சிலில். மங்கள்யான் வரியை 2022-இல் அழித்து எழுதினேன். மூன்று வருடத்துக்கென்று போய்ப் பத்து வருடம் மழைமேகத்தை அளந்த மேகா-டிராபிக்சை 2023 மார்ச் 7-இல் பத்திரமாகப் பசிபிக்கில் இறக்கிவிட்டார்கள், அன்று அந்த வரியையும் அழித்தேன். சி30, அஸ்ட்ரோசாட் விண்வெளித் தொலைநோக்கி, 2015 செப்டம்பர் 28, ஐந்து வருடம் என்று எழுதியிருக்கிறேன். பத்து வருடம் தாண்டியும் அந்த வரியில் இன்னும் ரப்பர் படவில்லை.