மைக் இல்லாமல் மூன்று பேர்

நான் வயலின். தங்கச்சி முறையான ஒருத்தி வீணை. எங்கள் இருவருக்கும் மூத்த அண்ணன் ஒருவர் மிருதங்கம். மட்டக்களப்பு கல்லடியில் ஒரு வீட்டு முன்விறாந்தையில் மாதம் ஒருமுறை வாசிக்கத் தொடங்கியிருக்கிறோம். பாட்டு இல்லை, மைக் இல்லை, ஸ்பீக்கர் பொக்ஸ் இல்லை. இருபது பேருக்கு மேல் வந்தால் இருக்க இடமும் இல்லை.

"மைக் இல்லாம என்ன கச்சேரி மனே? மறுகா ஆருக்குக் கேக்கும்?" தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்டு முடித்துவிட்டார்கள்.

போன வருஷம் ஒரு விழாவில் மூவரும் வாசித்தோம். சவுண்ட்காரர் மிருதங்கத்தை ஏற்றிவிட்டார். அவள் ஒரு மணித்தியாலம் வாசித்தாள். முன்வரிசைக்கே விரல் அசைவதுதான் தெரிந்தது. முதல்நாள் ஒத்திகையில் அதே உருப்படிகள் எவ்வளவு நன்றாக இருந்தன! "அப்ப ஒத்திகைக்கே ஆக்களைக் கூப்பிட்டா என்ன?" என்று அவள்தான் கேட்டாள்.

வீணையில் ஒரு மீட்டு மீட்டிவிட்டுக் கம்பியை இழுத்தால் நாலைந்து சுரம் வரும். கடைசிச் சுரம் வரும்போது நாதம் பாதி செத்திருக்கும். அந்தப் பாதியில்தான் ராகமே இருக்கிறது. அதை பொக்ஸில் போட்டுப் பெருப்பித்தால் கம்பி கீறுகிற சத்தம்தான் பெருக்கிறது. கிட்ட இருந்து கேட்க வேண்டிய வாத்தியம் அது.

சிரமம் எனக்கும் அண்ணனுக்கும்தான். அண்ணன் மிருதங்கத்தின் தொப்பிக்கு, அதாவது இடப்பக்கத் தோலுக்கு, ரவை அப்பிவிட்டு, ஓங்கி ஒரு அடி அடிக்க வழியில்லாமல் விரல் நுனியிலேயே ஓட்டுகிறார். இருபது வருஷப் பழக்கத்தை விடுவது லேசா? முதல் மாதம் முழுக்க முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார். நானும் வில்லை அழுத்தாமல் இழுக்கப் பழகுகிறேன். அழுத்தாமல் இழுத்தால் பிசகு எல்லாம் அப்படியே வெளியே தெரியும். மைக் எனக்கு எவ்வளவு மூடிக் கொடுத்திருக்கிறது என்று இப்போதுதான் விளங்குகிறது.

இது வெள்ளைக்காரன் பாணி என்று ஒருவர் சொன்னார். சரி, வயலினும் அங்கிருந்து வந்ததுதான். போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த இந்த ஊர்ப் பறங்கியரின் கல்யாணங்களில் அது எத்தனை காலமாகக் கேட்கிறது! காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் யாழ் என்ற மெல்லிய வாத்தியத்துக்காக வருஷக்கணக்காக உழைத்து 1947இல் 'யாழ் நூல்' தந்தார். அவர் சமாதி இருப்பதும் இதே கல்லடியில்தான். அவர் பெயரில் விழா வைத்தாலும் வாசலில் ஆளுயரப் பொக்ஸ் நாலு நிற்கும். அதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் கோபமும்.

எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. கூத்துக் களரிக்கும் திருவிழாவுக்கும் பெரிய சத்தம் வேண்டும். கண்ணகி அம்மன் கோயில்களில் குளிர்த்திச் சடங்கு நடக்கும் நாட்களில் நாங்களே வாசிக்க மாட்டோம். கோயில் ஒலிபெருக்கியோடு யார் மல்லுக்கட்டுவது?

அடுத்தது வருகிற பூரணைக்கு, பின்னேரம் ஆறு மணி. ஃபேன் போட மாட்டோம், அதன் சத்தத்துக்கே வீணை அமுங்கிவிடும். விசிறி கொண்டு வாருங்கள். பனையோலை என்றால் நல்லது, பிளாஸ்டிக் விசிறி கிறீச்சிடுகிறது.