கால் பருமனெல்லாம் கொழுப்பு அன்று
எடை குறைந்தால் கால் பருமனும் தானாகக் குறையும் என்று கூறப்படுவது எல்லோருக்கும் பொருந்தாது. கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்னெலும்பின் மீது கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்தி எடுத்தபின் குழி அப்படியே நின்றால், அங்கே தேங்கியிருப்பது நீர். இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். குழி விழவில்லை என்பதாலேயே கொழுப்பு என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. நாள்பட்ட யானைக்கால் வீக்கத்தில் தோல் தடித்து இறுகிவிடுவதால் விரல் பதியாது. கால் கட்டைவிரலுக்கு அடுத்த விரலின் அடியில் தோலைக் கிள்ளித் தூக்க முடியாவிட்டால், நிணநீர்த் தேக்கம் (திசுக்களிலிருந்து வடிய வேண்டிய நீர் வடியாமல் தங்குவது) என்றே பெரும்பாலும் கொள்ளலாம். இரு கால்களும் ஒரே சீராகப் பருத்து, பாதம் மட்டும் இயல்பாக இருந்து, தொட்டாலே வலித்தால், பெரும்பாலும் பெண்களுக்கு வரும், கால்களில் கொழுப்பு இயல்புக்கு மாறாகச் சேரும் லிப்பிடீமா என்னும் நோயாக இருக்கலாம். பட்டினி கிடந்தும் வற்றாத அந்தக் கால்களுக்காகப் பெண்களை ஏசுவது கொடுமை. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், ஆழ்சிரையில் (காலுக்குள் ஆழமாக ஓடும் இரத்தக்குழாயில்) இரத்தம் உறைந்திருக்கக்கூடும் என்பதால், எண்ணெய் தேய்த்து நீவாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.