சிவராத்திரிப் படமும் சிறந்த படப் பட்டியலும்

பிடித்த படம் எது என்று கேட்டால் எங்கட ஆட்கள் ஏன் இவ்வளவு பொய் சொல்கிறார்கள்?

கொஞ்ச நாளைக்கு முன் கிளிநொச்சியில் ஒரு குறும்படப் பட்டறை நடந்தது. வந்த வளவாளர் எல்லாரிடமும் இதே கேள்வியைக் கேட்டார். எழும்பினவர்கள் யப்பானின் குரோசாவா, வங்காளத்தின் சத்யஜித் ரே, ஈரானியப் படம் என்று அடுக்கினார்கள். தேத்தண்ணி இடைவேளையில் பார்த்தால் அதே ஆட்கள் கவுண்டமணி பகிடியைச் சொல்லிச் சொல்லி வயிறு நோகச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். ரேயைப் பிடிக்கக் கூடாதா, தாராளமாகப் பிடிக்கலாம். ஆனால் எந்தப் படத்தை மதிக்கிறோம் என்பதும் எந்தப் படத்தை நாலாம் தரமும் பார்க்கிறோம் என்பதும் வேறு வேறு கேள்விகள்.

எனக்குப் பிடித்த படம் கரகாட்டக்காரன். 1989 இல் வந்தது, கங்கை அமரன் இயக்கியது. நான் பார்த்தது தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில். வன்னியில் அப்போது கரண்ட் என்ற பேச்சே இல்லை. சிவராத்திரி வந்தால் கோயிலடியில் ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஜெனறேற்றரை மண்ணெண்ணெயில் ஓடவிட்டு, விடிய விடியப் படம் போடுவார்கள். முதலாவது கட்டாயம் திருவிளையாடல் மாதிரி ஒரு சாமிப் படம். அது அம்மம்மாமாருக்கும் ஐயருக்கும் மரியாதை. சாமம் தாண்டினால்தான் எங்கட முறை. ஜெனறேற்றர் இழுக்கத் தொடங்கினால் படம் நாலு பக்கமும் சுருங்கி ரீவிக்கு நடுவில் வந்து நிற்கும். யாராவது ஓடிப்போய் ஏதோ செய்வார்கள், திரும்ப விரியும். அதற்குள் ஒரு பாட்டு முடிந்திருக்கும்.

அந்தக் கசெற்றில் வாழைப்பழக் காட்சி வரும்போது மட்டும் திரை முழுக்க வெள்ளைக் கோடுகள் ஓடும். முன்னுக்கும் பின்னுக்கும் படம் துப்புரவாகத்தான் இருக்கும். போன ஊரெல்லாம் அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டதில் நாடா தேய்ந்துவிட்டது. விமர்சகர்கள் வாக்குப் போடுகிறார்கள் அல்லவா, எங்கட ஊர்களின் வாக்கு அந்தக் கோடுகளில் இருந்தது.

நான் இந்தப் படத்துக்கு வக்காலத்து வாங்கப் போவதில்லை. நாட்டார் கலை மீட்பு, அடித்தள மக்களின் அழகியல் என்று ஒரு கட்டுரை எழுதலாம், சில பேர் எழுதுவார்கள். அதுவும் ஒருவகைப் பொய். கதை தில்லானா மோகனாம்பாள் சாயல், முடிவு அரைகுறை, இளையராஜா இல்லாவிட்டால் பாதிப் படம் இல்லை. எல்லாம் தெரிந்துதான் பிடித்திருக்கிறது.

சரி, மற்றப் பக்கத்துக்கும் சொல்ல வேண்டும். பெரிய பட்டியல்களை வேதவாக்காக எடுப்பவர்கள் ஒருக்கால் அவற்றின் வரலாற்றைப் பார்க்கலாம். பிரிட்டனின் சைட் அண்ட் சவுண்ட் சஞ்சிகை பத்து வருடத்துக்கு ஒருமுறை உலகின் சிறந்த படங்கள் எவை என்று விமர்சகர்களிடம் கேட்கிறது. 1952 இல் முதலிடம் பைசிக்கிள் தீவ்ஸ். 1941 இல் வந்த சிட்டிசன் கேன் அந்த வருடம் முதல் பத்திலேயே இல்லை. 1962 இல் அது முதலிடத்துக்கு வந்தது, 2012 இல் வெர்ட்டிகோ பிடிக்கும்வரை இறங்கவில்லை. 2022 இல் முதலிடம் ஷாந்தால் அக்கர்மன் 1975 இல் எடுத்த ஜான் டீல்மன். ஒரு பெண் உருளைக்கிழங்கு உரிப்பதையும் வீட்டுவேலை செய்வதையும் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் காட்டும் படம். படங்கள் அதே படங்கள்தான், வாக்குப் போடுகிறவர்கள் மாறியிருக்கிறார்கள்.

அதற்காகப் பட்டியலே குப்பை என்று சொல்லும் கூட்டத்தோடும் எனக்குச் சரிவராது. "எனக்குப் போரடிச்சுது, ஆகவே படம் சரியில்லை" என்பது சோம்பேறித்தனம். பட்டியல் இல்லாவிட்டால் பாலு மகேந்திராவின் வீடு (1988) என் கையில் வந்தே இருக்காது. அவர் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர் என்று நெஞ்சு நிமிர்த்துவோம், அவர் படத்தைப் பார்த்தீர்களா என்றால் மூன்றாம் பிறை பாட்டோடு நிற்போம்.

வீடு படத்தை வன்னியில் இருந்துகொண்டு பார்க்க வேண்டும். சென்னையில் ஒரு பெண் கடன்பட்டு ஒரு சின்ன வீடு கட்டப் பார்க்கிறாள். சீமெந்து களவு போகிறது, காசு இடையில் முடிகிறது, கடைசியில் அந்தக் காணியே அவளுக்கில்லை என்று வருகிறது. போர் முடிந்த பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய், அதுவும் கட்டம் கட்டமாகத்தான் கொடுத்தார்கள். அத்திவாரம் முடிந்தால் ஒரு துண்டு, சுவர் எழும்பினால் அடுத்தது. அதற்குள் மணலும் சீமெந்தும் விலை ஏறிவிடும். சங்கிலியை அடகு வைத்துக் கூரை போட்டவர்கள் எங்கட ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். அதில் ஒரு மாமி இந்தப் படத்தை என் ரீவியில் பாதியிலிருந்து பார்த்தா. யார் எடுத்தது, என்ன விருது எதுவும் கேட்கவில்லை. மேசனைக் கண்டவுடன், "உவனை நம்பாதை பிள்ளை" என்று திரையைப் பார்த்துச் சொன்னா. உலக சினிமா எங்கட சனத்துக்கு விளங்காது என்று மேடையில் கவலைப்படுகிறவர்கள் மாமியை ஒருக்கால் சந்திக்கலாம்.

அப்படியிருந்தும் வீடு எனக்குப் பிடித்த படம் இல்லை. பெரிய படம். இன்னொருமுறை போட்டுப் பார்க்க மனம் வராது. கரகாட்டக்காரன் எந்தச் சனலில் எந்த இடத்தில் ஓடினாலும் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவேன்.

இந்த முறை சிவராத்திரிக்குக் கோயிலடியில் புரொஜெக்டர் போடுவதாகப் பெடியள் சொல்கிறார்கள். நாலு படத்தில் ஒன்றாக வீடும் போடலாமே என்று கேட்டேன். நாலாவதாகப் போடுகிறோம் என்றார்கள். நாலாவது என்றால் விடியப்புறம் மூன்று மணி, சனம் பாயில் கிடக்கும். இரண்டாவதாகப் போடுங்கோ, வேணுமென்றால் கரகாட்டக்காரனை நாலாவதாகத் தள்ளுங்கோ, அதுக்கு எந்த நித்திரையும் எழும்பும் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் பேச்சு நடக்கிறது.