டிஸ்சார்ஜும் பகல் 12 மணி, கடை திறப்பதும் பகல் 12 மணி

அரசு மருத்துவமனை கேசுவாலிட்டியில் நர்ஸாக இருக்கிறேன். எங்களிடம் அடிக்கடி வருகிற சில முகங்கள் உண்டு. 108-இலிருந்து ஸ்ட்ரெச்சரை இறக்கும்போதே ஊழியர் சொல்லிவிடுவார்: "சிஸ்டர், நம்ம ஆளு." போன மாதம் ஃபிட்ஸ், அதற்கு முன்பு வண்டியிலிருந்து விழுந்து தலையில் தையல், இந்தத் தடவை ரத்த வாந்தி. "குடிக்கிறவனுக்கெல்லாம் எதுக்குங்க பெட்டு?" என்று பக்கத்து நோயாளியின் சொந்தக்காரர்கள் சத்தமாகவே கேட்பார்கள். வெள்ளைக் கோட்டு போட்டவர்களிலும் அப்படி நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், சத்தம் வராது, அவ்வளவுதான்.

எனக்கு இதில் ஒரு பிடிவாதம் உண்டு. ஒரே ஆள் குடியால் மூன்றாவது தடவை கேசுவாலிட்டிக்கு வந்தால், முதலில் கேள்வி கேட்க வேண்டியது மருத்துவமனையின் ஏற்பாட்டை. அந்த ஆளைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

வருஷக்கணக்காகத் தினமும் குடிக்கிற உடம்பு, சாராயம் உள்ளே இருந்தால்தான் நிதானமாக இருக்கும் என்ற நிலைக்கு வந்துவிடுகிறது. நிறுத்திய சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன் பிறகு சிலருக்குப் புத்தி தடுமாறும். சட்டையில் இல்லாத பூச்சியைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். வீட்டில் பேய் பிடித்துவிட்டது என்று விபூதி போட்டுக் கூட்டி வருவார்கள். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். கார்த்திகையில் மாலை போட்ட கையோடு பாட்டிலைத் தூக்கி எறிந்தவர், கால் உடைந்து எலும்பு வார்டில் படுத்தவர் என்று நல்ல காரணத்துக்காக நிறுத்தியவர்களுக்கும் இதே கதிதான்.

இன்னொரு வகையும் வரும். "குடியை மறக்க வைக்கும் மருந்து" என்று யாரோ கொடுத்ததைக் கணவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்திருப்பார்கள். அது டைசல்ஃபிராம் மாத்திரையாக இருந்து, அவர் வழக்கம்போல ஒரு குவாட்டரைப் போட்டால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, பிரஷர் இறங்கிவிடும். அந்த மாத்திரையை நோயாளிக்குச் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. அந்தப் பெண்களை நான் திட்டுவதில்லை, வேறு எந்தக் கதவும் திறக்காதபோதுதான் அவர்கள் அதற்குப் போகிறார்கள்.

சரி, எங்கள் பக்கம் என்ன நடக்கிறது? வலிப்புக்கு ஊசி, ட்ரிப்ஸ், தையல். மறுநாள் ரவுண்ட்ஸ் முடிந்து, சீட்டில் கையெழுத்தாகி ஆளை அனுப்ப ஏறக்குறைய 12 மணி ஆகிவிடும். சீட்டின் அடியில் "மனநலப் பிரிவில் காட்டவும்" என்று ஒரு வரி. அதற்குள் அந்த ஓபியில் சீட்டுக் கொடுப்பதை நிறுத்தியிருப்பார்கள். டாஸ்மாக் கடை திறப்பதும் 12 மணிக்கு. நடுங்குகிற கையோடு வெளியே வருகிறவருக்கு, இரண்டில் எது திறந்திருக்கிறதோ அதுதான் சிகிச்சை.

ஒரு அக்கா துணிக்கடை கவர் நிறையப் பழைய சீட்டுகளை வைத்திருந்தார். பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றின் அடியிலும் அதே வரி. ஒருமுறைகூடப் போகவில்லையா என்று கேட்டேன். "எங்க போகணும்னு கேட்டதுக்கு அந்தப் பக்கம்னு கை காட்டினாங்க சிஸ்டர். நான் விசாரிச்சுட்டு வர்றதுக்குள்ள இவரு கேட்டைத் தாண்டிட்டாரு."

மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மற்ற 37 பேர் எங்கே என்று கேட்டால், அவர்களில் பலர் எங்கள் ஸ்ட்ரெச்சரில் வந்து போகிறார்கள். தானாக நம் வாசலுக்கு வந்த ஆளைத்தான் திருப்பி அனுப்புகிறோம்.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் இதை அவசரப் பிரிவிலேயே சோதித்துப் பார்த்தார்கள், 2015-இல் வெளிவந்தது. ஹெராயின் மாதிரியான ஓபியாய்டு அடிமைகள் 329 பேர். விலாசம் மட்டும் கொடுத்து அனுப்பப்பட்டவர்களில் ஒரு மாதம் கழித்துச் சிகிச்சையில் இருந்தவர்கள் 37 சதவீதம். அங்கேயே புப்ரெனார்ஃபின் என்ற, அந்தப் போதை ஏக்கத்தை அடக்கும் மருந்தை ஆரம்பித்து அனுப்பப்பட்டவர்களில் 78 சதவீதம். மதுவுக்கு அதே மருந்து பொருந்தாது. ஆனால் விஷயம் ஒன்றுதான்: கேசுவாலிட்டியிலேயே ஆரம்பித்தால் ஆள் நிற்கிறார்.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்றும் சொல்லக் கூடாது. சென்னையில் டிடிகே மருத்துவமனை 1980-இலிருந்து குடிநோயைச் சிகிச்சை தர வேண்டிய நோயாகவே பார்த்து வருகிறது. 2017 மனநலச் சட்டமும் மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநலப் பாதிப்பை மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. அரசும் 2025-இல் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் திறந்தது. நல்ல விஷயம். ஆனால் ராத்திரி 2 மணிக்கு வலிப்போடு வந்தவரை அந்த மையம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது யார் வேலை? யார் வேலையும் இல்லை. டாஸ்மாக்கிலிருந்து வருஷத்துக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் அரசுக்குப் போகிறது. ஒவ்வொரு கேசுவாலிட்டிக்கும் ஷிஃப்டுக்கு ஒரு கவுன்சிலர் போட முடியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கவுன்சிலர் பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். நடுக்கம் அடங்கும் வரை இரண்டு மூன்று நாள் ஆளை வார்டில் வைக்கச் சொல்லி வாதாட வேண்டும், கையைப் பிடித்து அந்த ஓபி வரை கூட்டிப்போக வேண்டும், வீட்டுக்குப் போன பிறகு ஒரு போன் போட வேண்டும். அப்படியும் சிலர் திரும்பக் குடிப்பார்கள். சர்க்கரை நோயாளி கல்யாண வீட்டில் ஜிலேபி சாப்பிட்டுவிட்டு வந்தால் நாம் இன்சுலினை நிறுத்துவதில்லையே.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், அறையில் பூட்டி வைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். மனநல உதவிக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது, தமிழிலேயே பேசுவார்கள். வலிப்போ, ஆள் தெரியாத உளறலோ வந்தால் 108. கேசுவாலிட்டிக்கு வந்ததும் வெட்கப்பட்டுக்கொண்டு குடியை மறைக்காதீர்கள். எவ்வளவு நாளாகக் குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார் என்ற இரண்டையும் நாங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.