அம்மாவுக்கும் பீஸ் ரேட் உண்டு

போன வாரம் ஒரு தனியார் பள்ளியின் 'சந்தை நாள்' படங்களை நண்பர்கள் சிலர் பகிர்ந்திருந்தார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பானிபூரி, வளையல், கப் கேக் என்று கடை போட்டிருந்தார்கள். பிள்ளைகளின் சந்தோஷத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இப்படிப்பட்ட கடைகளில் 1,500 ரூபாய்க்குச் சாமான் வாங்கிக் கொடுப்பது அப்பா. விடிகாலையில் எழுந்து செய்து தருவது அம்மா. வாங்கிச் சாப்பிடுவது மற்ற பெற்றோர். சாயங்காலம் டப்பாவில் 900 ரூபாய் இருந்தால் பிள்ளை அதை லாபம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறது. 600 ரூபாய் நஷ்டம் என்று அதனிடம் யாரும் சொல்வதில்லை.

நான் திருப்பூர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வணிகவியலும் கணக்குப்பதிவியலும் எடுக்கிறேன். போன வருடம் பிளஸ் ஒன் மாணவர்கள் பத்துப் பேர் சேர்ந்து துணிப்பை தைத்து விற்கிறோம் என்று வந்தார்கள். ஆளுக்கு 100 ரூபாய் போட்டு 1,000 ரூபாய் முதல். கட் பீஸ் துணி கிலோ 70 ரூபாய் என்று 8 கிலோ எடுத்தார்கள், 560 ஆயிற்று. நூலுக்கும் மற்றச் சில்லறைச் செலவுக்கும் 140. மொத்தம் 80 பை. விலை 15 ரூபாய்.

கணக்கு நோட்டு எழுத வேண்டும் என்ற ஒரு நிபந்தனையை மட்டும் நான் போட்டேன். மற்றதெல்லாம் அவர்கள் பாடு.

74 பைகள் விற்றன. அதில் எட்டு கடன். அந்த எட்டில் ஆறு எங்கள் ஆசிரியர் அறையில். பெரியவர்களிடம் பணம் கேட்கப் பிள்ளைகளுக்குக் கூச்சம். ஒரு வாரம் பார்த்துவிட்டு, ஒரு பெண் நோட்டை எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போய் நின்றாள். அன்று சாயங்காலத்துக்குள் எல்லாம் வசூலாகிவிட்டது. 'பற்பல கடனாளிகள்' என்று பாடத்தில் படிக்கிறோமே, அவர்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று அந்த வகுப்புக்கு இனி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மிஞ்சிய ஆறு பைகளை இறுதிச் சரக்கிருப்பில் காட்டலாமா கூடாதா என்று அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவாயிற்று.

வரவு 1,110. செலவு 700. லாபம் 410. பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டாயிற்று. அப்போதுதான் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"டீச்சர், கம்பெனியில தெச்சா பீஸ் ரேட் குடுப்பாங்கல்லங்க? எங்கம்மாதான் எம்பது பையும் தெச்சுது. அதுக்கு நாம ஒண்ணும் போடலைங்களே?"

வகுப்பே அமைதியாகிவிட்டது. பாதிப் பேரின் அப்பாவோ அம்மாவோ பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். ஒரு துணிக்கு இவ்வளவு என்று தரும் அந்தக் கூலியில், பீஸ் ரேட்டில், கால் ரூபாய் குறைந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்த பிள்ளைகளே தங்கள் கணக்கு என்று வந்தபோது அதை விட்டுவிட்டார்கள். நானும் கவனிக்கவில்லை. பைக்கு 3 ரூபாய் என்று அவர்களே பேசி முடிவு செய்தார்கள், 240 ரூபாய். லாபம் 170-க்கு இறங்கியது. ஆளுக்கு 17 ரூபாய்.

அந்த அம்மா முதலில் பணத்தை வாங்கவில்லை. "எம்புள்ளைக்குத் தெச்சதுக்குக் காசா?" என்றாராம். வவுச்சரில் கையெழுத்துப் போடாவிட்டால் கணக்கை முடிக்க முடியாது என்று மகள் பிடிவாதம் பிடித்து வாங்க வைத்திருக்கிறாள்.

வீட்டு உழைப்பு இலவசம் என்று எண்ணிப் போடும் எந்தக் கணக்கும் தப்புக் கணக்கு. நம் ஊரில் எத்தனையோ சிறு கடைகள், மெஸ்கள், தறிகள் 'லாபத்தில்' ஓடுவதே வீட்டுப் பெண்களின் கூலி நோட்டில் ஏறாததால்தான். பள்ளியிலேயே அதைக் கணக்கில் கொண்டுவரப் பழகிய பிள்ளை நாளைக்கு முதலாளி ஆனாலும் சரி, தொழிலாளி ஆனாலும் சரி, தன் உழைப்புக்கும் அடுத்தவர் உழைப்புக்கும் விலை தெரிந்தவராக இருப்பார்.

டெல்லி அரசுப் பள்ளிகளில் 2021-ல் 'பிசினஸ் பிளாஸ்டர்ஸ்' என்று தொடங்கினார்கள். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் குழுவாகத் தொழில் செய்ய ஆளுக்கு 2,000 ரூபாய் வரை அரசே விதைப்பணம் கொடுத்தது. எனக்கு அதில் பிடித்தது இந்த விதைப்பணம்தான். வீட்டில் கேட்டால் கிடைக்காத பிள்ளையும் வசதியான பிள்ளையும் ஒரே முதலோடு தொடங்கலாம். என் வகுப்பில் 100 ரூபாய் புரட்ட முடியாமல் ஒதுங்கிக்கொண்டவர்கள் உண்டு. இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்தான். அமெரிக்காவில் 1919-ல் தொடங்கிய 'ஜூனியர் அச்சீவ்மென்ட்' அமைப்பின் மாணவர் கம்பெனிகளில் இன்னொரு நல்ல வழக்கம் இருந்தது. பிள்ளைகள் பங்கு விற்று முதல் திரட்டுவார்கள், வருடக் கடைசியில் கணக்கு முடித்துக் கம்பெனியைக் கலைத்துவிடுவார்கள். தொடங்குவதற்குக் கைதட்டும் நாம், ஒழுங்காக மூடுவதைச் சொல்லித்தருவதே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பத்து வயதுப் பையன் ரோட்டோரம் பொம்மை விற்கும் வீடியோவைப் போட்டு 'குட்டித் தொழிலதிபர்' என்று தயவுசெய்து கொண்டாடாதீர்கள். அந்தப் பிள்ளை விற்காவிட்டால் வீட்டில் உலை கொதிக்காது என்றால் அதற்குப் பெயர் வறுமை. எங்கள் பிள்ளைகள் நஷ்டப்பட்டிருந்தால் ஆளுக்கு 100 ரூபாய் போயிருக்கும், மறுநாள் பள்ளிக்கு வந்திருப்பார்கள். 18 வயது ஆகாதவர் செய்யும் ஒப்பந்தம் நம் சட்டப்படி செல்லாது. கடனில் மாட்டிக்கொள்ளாமல் தப்புச் செய்து பார்க்க அவர்களுக்குப் பள்ளிக்கூடத்தை விட நல்ல இடம் இல்லை. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தாங்களே இயக்கும் சேமிப்புக் கணக்குக்கு ரிசர்வ் வங்கி 2014-லேயே வழிவிட்டிருக்கிறது. அதையாவது ஒவ்வொரு பிளஸ் ஒன் மாணவருக்கும் திறந்து கொடுங்கள்.

இந்த வருடம் அடுத்த குழு வந்திருக்கிறது. முதல் போட முடியாத நான்கு பேரின் பங்கை ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து கடனாகக் கொடுத்திருக்கிறோம், அதுவும் நோட்டில் இருக்கிறது. பை 18 ரூபாய். விலை அதிகம் என்று யாராவது சொன்னால் தையல் கூலி எவ்வளவு என்று எடுத்துக் காட்ட, அட்டையில் எழுதியே வைத்துவிட்டார்கள்.