அந்த ஐந்து த்ரீ பாயிண்டை மட்டும் வைத்து அவனை எடை போடாதீர்கள்

மாவட்ட லீக் முடிந்ததிலிருந்து கிருஷ்ணகிரியில் கூடைப்பந்து பார்க்கிற எல்லோரும் ஒரே பையனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பதினேழு வயது, பிளஸ் டூ படிக்கிறான். இந்த நேரத்தில் அவன் பெயரைப் போட்டு ஊரெல்லாம் ஷேர் செய்வது அவனுக்கு நல்லதில்லை. கிரவுண்டுக்கு வருகிறவர்களுக்கு யார் என்று தெரியும்.

ஃபைனலில் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து ஒன்பது எறிந்தான், ஐந்து விழுந்தது. அன்று இரவே வாட்ஸ்அப் குழுவில் ஆரம்பித்துவிட்டார்கள். "இவன் இந்தியா கேம்ப் போவான், எழுதி வெச்சுக்கங்க" என்று ஒரு அண்ணன், இந்திய அணியின் பயிற்சி முகாமைச் சொல்கிறார். "உயரம் பத்தாதுப்பா, ஐந்தடி பதினொன்றுக்கு ஷூட்டிங் கார்டா?" என்று இன்னொருவர். ஷூட்டிங் கார்டு என்றால் வெளியிலிருந்து எறிந்து புள்ளி சேர்ப்பது முக்கிய வேலையாக இருக்கிற ஆட்டக்காரர். "டிஃபென்ஸ் ஆடவே மாட்டேங்கறான், பந்து வந்தா எறியத்தான் தெரியும்" என்று பழைய ஆட்டக்காரர் ஒருவர். மூன்று பேருமே பல வருஷமாக ஆட்டம் பார்ப்பவர்கள், அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பையனை மூன்று பேரும் தப்பான இடத்தில் பார்க்கிறார்கள் என்பது என் கருத்து.

முதலில் அந்த ஐந்தை எடுத்துக்கொள்வோம். மூன்று எறிந்தால் ஒன்று போடுகிற ஒருவனை வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து அது மோசமான கணக்கு இல்லை. மூன்று புள்ளிக்கு மூன்றில் ஒன்று போடுவதும், இரண்டு புள்ளிக்குப் பாதிக்குப் பாதி போடுவதும் புள்ளிக் கணக்கில் சமம்தான். அப்படிப்பட்டவன் ஒரு ஆட்டத்தில் ஒன்பது எறிந்தால், ஐந்தோ அதற்கு மேலோ விழ ஏழு ஆட்டத்துக்கு ஒருமுறை வாய்ப்பு உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள், வரும். அரையிறுதியில் இதே பையன் ஏழு எறிந்து ஒன்றுதான் போட்டான், அன்றைக்கு இதே குழுவில் "டச் போயிடுச்சு" என்று எழுதினார்கள். மூன்றில் ஒன்று போடுகிறவன் ஏழு எறிந்து ஒன்றோ பூஜ்யமோ போடும் நாள் நாலில் ஒன்றாவது வரும். இரண்டு நாளும் ஒரே கைதான். நடுவில் பையன் வளரவும் இல்லை, தேயவும் இல்லை.

கோட்டு விஷயம் ஒன்றும் இருக்கிறது, அதை யாரும் பேசுவதே இல்லை. நாம் தினமும் ஆடுகிற சிமெண்ட் கோர்ட்டில் இருப்பது பழைய கோடு, 6.25 மீட்டர். சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம் அதை 2010-இல் 6.75 மீட்டராகத் தள்ளிவிட்டது. அரை மீட்டர்தானே என்று தோன்றும். பதினேழு வயதுத் தோளுக்கு அரை மீட்டர் பெரிய தூரம். மூன்றாவது குவார்ட்டர் முடிந்து கால் தளர்ந்த பிறகு எறியும்போது அந்த அரை மீட்டர்தான் பந்தை ரிங்கின் முன் விளிம்பில் இடிக்க வைக்கும். நம் கோர்ட்டில் அவன் எறிவதைப் பார்த்துவிட்டு "இவன் சதவீதம் இவ்வளவு" என்று யார் சொன்னாலும், எந்தக் கோட்டிலிருந்து என்று கேளுங்கள்.

அப்படியானால் பையனிடம் ஒன்றும் இல்லை என்கிறேனா? இருக்கிறது. நிறையவே இருக்கிறது. நான் அவன் மேல் வைத்திருக்கும் நம்பிக்கை அந்த ஐந்திலிருந்து வரவில்லை, அவ்வளவுதான்.

அவன் ஃப்ரீ த்ரோ, அதாவது ஃபவுலுக்குக் கிடைக்கும் தனி எறிதல், எறிவதைப் பாருங்கள். காவல் இல்லை, அவசரம் இல்லை, எப்போதும் அதே தூரம். கையும் முழங்கையும் மணிக்கட்டும் எப்படி வேலை செய்கின்றன என்பது அங்கேதான் சுத்தமாகத் தெரியும். அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வுக்கு இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பவர்களும் ஒருவன் பின்னாளில் எப்படி எறிவான் என்று பார்க்க, கல்லூரியில் அவன் போட்ட த்ரீ பாயிண்ட் சதவீதத்தோடு ஃப்ரீ த்ரோ சதவீதத்தையும் கவனமாகப் பார்ப்பார்கள். நம் பையன் ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்றால் பெரும்பாலும் தவறவிடுவதில்லை. தவறினாலும் நீளத்தில்தான் தவறுகிறது, இடம் வலம் போவதில்லை. கை நேராக இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது பந்து பறந்து வரும் வளைவு. ரிங்கின் உள்விட்டம் 45 சென்டிமீட்டர், ஆண்கள் ஆடும் ஏழாம் எண் பந்தின் விட்டம் சுமார் 24. மேலிருந்து நேராக விழும் பந்துக்கு 45 சென்டிமீட்டரும் திறந்திருக்கும். சாய்ந்து வர வர அந்த வாய் சுருங்கும். 45 டிகிரியில் வந்தால் 32 சென்டிமீட்டர் அளவுக்குத்தான் இடம். 30 டிகிரியில் வந்தால் 22 சொச்சம்தான், பந்து சுத்தமாக உள்ளே போகவே வழியில்லை. நம் ஊர்ப் பையன்கள் பலர் மாலைக் காற்றுக்குப் பயந்து பந்தைத் தட்டையாக எறியப் பழகிவிடுகிறார்கள். திறந்தவெளிக் கோர்ட்டில் அது புரிந்துகொள்ளக்கூடியதுதான். இவன் அப்படிப் பழகவில்லை. காற்று அடித்தாலும் உயர்த்தித்தான் எறிகிறான். இன்டோரில் மரத்தரையில் ஆடப் போகும்போது இந்தப் பழக்கம் அவனுக்குக் கைகொடுக்கும்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது, பந்து கையில் இல்லாதபோது அவன் செய்வது. பாஸ் வருவதற்கு முன்பே கால் தயாராக இருக்கிறது. பந்து கைக்கு வந்த பிறகு காலைச் சரி செய்துகொள்கிற பையன்கள்தான் நம் மாவட்டத்தில் அதிகம், அந்த அரை நொடியில் எதிராளி மேலே வந்து நின்றுவிடுவான். தன்னைக் காக்கிறவனை மறிக்கச் சக ஆட்டக்காரன் அசையாமல் நிற்பதுதான் ஸ்கிரீன், இவன் அதைச் சுற்றி வரும்போது அவன் தோளை உரசிக்கொண்டு வருகிறான், நடுவில் ஆள் நுழைய இடம் விடுவதில்லை. ஒரு பக்கம் ஆட்டம் நடக்கும்போது மறுபக்க மூலைக்கு மெதுவாக நகர்ந்து போய் நிற்கிறான். இதை யாரும் சொல்லிக்கொடுத்த மாதிரித் தெரியவில்லை.

2016 டிசம்பரில் என்.பி.ஏ.வில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் ஷூட்டிங் கார்டு க்ளே தாம்ஸன் இந்தியானா அணிக்கு எதிராக 29 நிமிடத்தில் 60 புள்ளி எடுத்தார். அந்த ஆட்டம் முழுக்கப் பந்து அவர் கையில் இருந்தது மொத்தம் சுமார் 90 நொடி, தரையில் தட்டியது 11 முறை. மற்ற நேரமெல்லாம் ஓடினார், நின்றார், காலைத் தயார் செய்தார். ஷூட்டிங் கார்டு என்றால் பந்தை வைத்துக்கொண்டு நாலு பேரை ஏமாற்றுகிறவன் என்று நம் பையன்கள் ரீல்ஸ் பார்த்து நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஒரு ஆட்டத்தை உட்கார வைத்துக் காட்ட வேண்டும்.

சரி, டிஃபென்ஸ். பழைய ஆட்டக்காரர் சொன்னதில் பாதி உண்மை. பையன் பந்தைப் பார்த்துக்கொண்டே நின்று தன் ஆளைத் தொலைத்துவிடுகிறான், அந்த ஆள் இவன் முதுகுக்குப் பின்னால் வெட்டி உள்ளே போனால், இவன் திரும்புவதற்குள் ரிங்குக்குக் கீழே போய் லே-அப் போட்டு முடித்துவிடுகிறான். நின்ற நிலையும் உயரமாக இருக்கிறது, முட்டி மடங்குவதில்லை. ஆனால் இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் பக்கம் பள்ளி அணிகள் பெரும்பாலும் ஆடுவது 2-3 ஜோன். முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர், அவரவர் இடத்தைக் காத்தால் போதும். ஆறாம் வகுப்பிலிருந்து அதையே ஆடியவனிடம் திடீரென்று ஒரு ஆளை மட்டும் பிடித்துக்கொண்டு கோர்ட் முழுக்க ஓடு என்றால் எங்கிருந்து வரும்? மாநில அளவில் சென்னை, கோயம்புத்தூர் அணிகள் இப்படி ஆளுக்கு ஆள் பிடித்து மேன்-டு-மேன் போட்டு நெருக்கும்போது நம் மாவட்ட அணி முதல் குவார்ட்டரிலேயே கலைந்துபோவதற்கும் இதுதான் காரணம். பயிற்சியில் வாரத்தில் ஒரு நாளாவது ஜோனைத் தடை செய்துவிட்டு ஆடச் சொல்ல வேண்டும். பி.இ.டி. மாஸ்டர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து யோசியுங்கள்.

இடது கை பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். அவன் உள்ளே போகும்போது எப்போதும் வலது பக்கம்தான் போகிறான். ஃபைனலில் எதிரணிக் கோச் அதை மூன்றாவது குவார்ட்டரிலேயே கண்டுபிடித்துவிட்டார், வலதை அடைத்து ஆள் நிறுத்தினார். அதற்குப் பிறகு பையன் ஒருமுறைகூட ரிங்வரை போகவில்லை. ஐந்து த்ரீ பாயிண்ட் பார்த்த சந்தோஷத்தில் நாம் இதைக் கவனிக்கவில்லை. மாநிலத் தேர்வாளர்கள் கவனிப்பார்கள்.

உயரத்தைப் பற்றி எனக்கு நீளமாகப் பேச ஒன்றுமில்லை. இன்னும் இரண்டு அங்குலம் வளரலாம், வளராமலும் போகலாம். வளராது என்று வைத்துக்கொண்டே தயார் செய்ய வேண்டும். அதாவது பந்தைத் தட்டிக்கொண்டு எதிரணிப் பக்கம் கொண்டுபோகவும், நெருக்கத்தில் பாஸ் போடவும் தெரிய வேண்டும், ஷூட்டிங் கார்டாகவும், ஆட்டத்தை நடத்துகிற பாயிண்ட் கார்டாகவும் ஆடத் தெரிந்தவனாக வர வேண்டும். அதற்காக இப்போதே ஷூட்டிங் கார்டு இடத்திலிருந்து தூக்கி பாயிண்ட் கார்டாகப் போடுங்கள் என்று சிலர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அவனுடைய பலமே பந்தில்லாமல் ஓடுவதுதான், அதைப் பறித்துவிட்டு எதைக் கொடுக்கப் போகிறோம்?

அப்புறம் அந்த "இந்தியா கேம்ப்" அண்ணனுக்கு. அண்ணா, உங்கள் ஆசை எனக்கும் உண்டு. வாரணாசியிலிருந்து வந்த விஷேஷ் பிருகுவன்ஷியும் கார்டு ஆட்டக்காரர்தான். இந்திய அணிக்குக் கேப்டனாக இருந்தார், 2017-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் 36ர்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்தது, 2020-இல் அர்ஜுனா விருது வாங்கினார். சென்னை, மும்பையில் பிறக்காதவனாலும் முடியும். ஆனால் பதினேழு பதினெட்டு வயதில் ஒருவனைப் பார்த்து முடிவு சொன்னவர்கள் உலகம் முழுக்கத் தடுமாறியிருக்கிறார்கள். என்.பி.ஏ. ஆட்டக்காரர் டெவின் புக்கர் அமெரிக்காவின் கென்டக்கி கல்லூரியில் முதல் ஐவரில் ஒருமுறைகூட ஆரம்பிக்கவில்லை, பெஞ்சிலிருந்துதான் வந்தார். 2015-இல் என்.பி.ஏ. அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது 13-ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். 2017 மார்ச்சில், இருபது வயதில், பாஸ்டனுக்கு எதிராக 70 புள்ளி எடுத்தார். பின்னாளில் என்.பி.ஏ.வின் பெரிய நட்சத்திரமான கோபி பிரையண்ட் தன் முதல் சீசனில், 1997-இல், யூட்டா அணிக்கு எதிரான பிளேஆஃப் (லீக் சுற்றுக்குப் பிந்தைய சுற்று) ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் ரிங்கைக்கூடத் தொடாமல் நாலு முறை எறிந்தார். அன்று ராத்திரி நம் குழு இருந்திருந்தால் அவரையும் முடித்துவிட்டிருப்போம். புகழ்வதிலும் சரி, ஒதுக்குவதிலும் சரி, பதினேழு வயதில் அவசரம் வேண்டாம். கல் வைத்துப் பழுக்க வைத்த மாங்காய்க்கு நிறம் வரும், ருசி வராது, இதை நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு உண்மையில் கவலை வேறு இடத்தில். பையன் பள்ளி அணியில் ஆடுகிறான், கிளப்பில் ஆடுகிறான், அது போக ஞாயிற்றுக்கிழமை பரிசுப்பணம் உள்ள டோர்னமென்ட்டுக்கு யாராவது பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஓசூர், தர்மபுரி, சில சமயம் பெங்களூரு. பஸ் செலவும் பிரியாணியும் கொடுத்தால் அவன் வந்துவிடுவான், அவனுக்கு ஆடப் பிடிக்கும். கூட்டிப்போகிறவர்கள் யோசிக்க வேண்டும். வளர்கிற வயதில் சிமெண்ட் தரையில் குதித்துக் குதித்து இறங்கினால் முட்டிக்குக் கீழே, எலும்பில் தசைநார் ஒட்டுகிற இடத்தில் வலி வரும். ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், கொடுக்காமல் ஸ்ப்ரே அடித்து ஆட வைத்தால் இழுத்துக்கொண்டே போகும். இவன் ஃபைனல் முடிந்து முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அன்றைக்கு எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள், ஐஸ் வைக்க யாரும் இல்லை.

அவனுடைய அம்மா ஒருமுறை கோர்ட் ஓரத்தில் கேட்டார்: "இதை நம்பிப் போனா வேலை கிடைக்குமாங்க?" நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரிகளில் ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட் இருக்கிறது. சென்னையில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி மாதிரி கூடைப்பந்து அணி வைத்திருக்கும் இடங்கள் உண்டு. ஆனால் இவற்றுக்கெல்லாம் கேட்பது சான்றிதழ். மாநில அணிக்கு ஆடியிருக்க வேண்டும், தேசியப் போட்டிக்குப் போயிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட் கோப்பை அங்கே செல்லாது. ஜூனியர் பிரிவு பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கு. அவனிடம் இருப்பது இந்த ஒரு வருஷம்தான். இந்த வருஷம் அவன் முட்டியும் மார்க்கும் இரண்டும் பத்திரமாக இருக்க வேண்டும். அவன் அம்மாவிடம் நான் சொன்னது இதைத்தான்: படிப்பை விடாமல் மாநிலத் தேர்வுக்கு மட்டும் அனுப்புங்கள், மற்றதுக்கு யார் வந்து கூப்பிட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

என் கணிப்பைக் கேட்டால் சொல்கிறேன். இடது கையும் மேன்-டு-மேன் டிஃபென்ஸும் வந்தால் மாநில ஜூனியர் அணியில் முதல் ஆறு ஏழு பேருக்குள் வருவான். வராவிட்டாலும் நல்ல கல்லூரி அணியில் நாலு வருஷம் ஆடுவான். அதற்கு மேல் சொல்ல எனக்கு இப்போது ஆதாரம் இல்லை. இன்னொரு வருஷம் பார்த்த பிறகு சொல்கிறேன்.

ஒரு வேலை மட்டும் நாம் உடனே செய்யலாம். 6.75 மீட்டர் கோட்டை நம் கோர்ட்டில் வரைந்துவிடுவோம். மாஸ்டரிடம் அனுமதி கேட்டுவிட்டேன், செய்யுங்கள் என்றார். இரண்டு லிட்டர் பெயிண்ட், ஒரு பிரஷ், அளவு நாடா, கயிறு, சாக்பீஸ் போதும். பழைய கோட்டை அழிக்க வேண்டாம், சின்னப் பையன்களுக்கு அது இருக்கட்டும், புதியதை மஞ்சளில் போடலாம். இந்தச் சனிக்கிழமை காலை ஆறரைக்கு, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். வருகிறவர்கள் கமெண்ட்டில் சொல்லுங்கள், பெயிண்ட் நான் வாங்கிவிடுகிறேன்.